முழு உருவமா, உறுப்புகளா: கண்ணுக்கு எது முதலில் தெரிகிறது?

கேள்வி இதுதான்: ஒரு பொருளைப் பார்க்கும்போது நமக்கு முதலில் தெரிவது முழு உருவமா? இல்லை, கோடு, மூலை, வளைவு என்று சின்ன உறுப்புகளைச் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில்தான் முழு உருவத்துக்கு வருகிறோமா? 'முழுதை முதலில் பார்ப்பவர் வலது மூளைக்காரர், விவரத்தை முதலில் பார்ப்பவர் இடது மூளைக்காரர்' என்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

கடைசிக் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், பெரும்பாலான நேரத்தில் முழு உருவம்தான் முதலில் நம் உணர்வுக்கு வருகிறது. ஆனால் மூளைக்குள் வேலை தொடங்குவது உறுப்புகளிலிருந்து. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரிந்தாலும் இரண்டுமே சரி. இன்னொரு சிக்கலும் இதில் கலந்திருக்கிறது. 'முழு உருவம்' என்று பேசும்போது சில சமயம் அளவில் பெரியதைச் சொல்கிறோம், சில சமயம் உறுப்புகள் ஒன்றோடொன்று அமைந்திருக்கும் விதத்தைச் சொல்கிறோம். ஆய்வாளர்களே இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் பல வருடம் வாதாடியிருக்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் பாருங்கள்.

ப
ப
ப
ப
ப ப ப ப ப

பெரிய 'ட' ஒன்று, சின்னச் சின்ன 'ப'க்களால் ஆனது. 1977-ல் டேவிட் நாவோன் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் இந்த மாதிரி ஆங்கில எழுத்துகளை வைத்துத்தான் தன் பரிசோதனையைச் செய்தார். சிறிய எழுத்துகளால் ஆன பெரிய எழுத்தைக் கண நேரம் காட்டுவார். சில சுற்றுகளில் பெரிய எழுத்து எது என்று சொல்ல வேண்டும், சில சுற்றுகளில் சிறிய எழுத்து எது என்று சொல்ல வேண்டும். பெரியதைச் சொல்லும் சுற்றில் விடை வேகமாக வந்தது. அதைவிட முக்கியமான முடிவு வேறொன்று. பெரியதைச் சொல்லும்போது சிறிய எழுத்து வேறாக இருந்தாலும் யாரும் தடுமாறவில்லை. சிறியதைச் சொல்லும்போது மட்டும், பெரிய எழுத்து வேறாக இருந்தால் விடை தாமதமானது. பெரியது வேண்டாம் என்று ஒதுக்க நினைத்தாலும் அது குறுக்கே வந்து நின்றது. சிறியதோ கேட்டால் ஒழிய வரவில்லை.

இந்த ஒருவழிக் குறுக்கீட்டைப் பார்த்துவிட்டு நாவோன் சொன்ன முடிவு துணிச்சலானது: பார்வை மேலோட்டமான அமைப்பில் தொடங்கி, பிறகு விவரங்களுக்குள் இறங்குகிறது. இன்றுவரை பாடப்புத்தகங்களில் இருப்பது இதுதான். இணையத்தில் சுற்றும் 'உங்களுக்கு முதலில் என்ன தெரிந்தது' வகைப் படங்களுக்கும் மறைமுகமான மூலதனம் இந்த நம்பிக்கைதான்.

சரி, மேலே உள்ள படத்தில் உங்களுக்கு 'ப' முதலில் தெரிந்ததா? தெரிந்திருந்தால் உங்களிடம் விசேஷம் எதுவும் இல்லை. நான் வைத்த எழுத்துகள் மிகக் குறைவு. 1979-ல் மேரியன் மார்ட்டின் காட்டியது இதைத்தான்: சிறிய எழுத்துகள் நெருக்கமாக, நிறைய இருந்தால் பெரிய உருவம் முந்துகிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சிறியது முந்துகிறது. அதே வருடம் கிஞ்ச்லாவும் வுல்ஃபும் படத்தின் அளவையே மாற்றிப் பார்த்தார்கள். கண்ணில் ஏறக்குறைய 7 டிகிரி கோணத்துக்குள் அடங்கும் பெரிய எழுத்து என்றால் முழுதுக்கு வேகம். அதைத் தாண்டிப் பெரிதாகிவிட்டால் சிறிய எழுத்துதான் முதலில் வந்தது.

7 டிகிரி என்றால் எவ்வளவு? கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் சுமார் 2 டிகிரி. ஆக, மூன்றரைக் கட்டைவிரல். கைபேசியை 30 செ.மீ. தூரத்தில் பிடித்திருந்தால் திரையில் சுமார் 3.7 செ.மீ. மேலே உள்ள படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி முகத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள், 'ப' மேலே ஏறிவரும். தூரத்தில் தள்ளிப் பிடியுங்கள், 'ட' மட்டும்தான் மிஞ்சும்.

அதாவது நாவோன் கண்டது தவறல்ல, ஆனால் அது 'முழுமை'யின் வெற்றிதான் என்று உடனே சொல்லிவிட முடியாது. கண்ணுக்கு வசதியான அளவில் எது இருக்கிறதோ அது முந்துகிறது என்றும் இதே எண்களை வாசிக்கலாம். கிஞ்ச்லாவும் வுல்ஃபும் அப்படித்தான் வாசித்தார்கள்: மேலிருந்து கீழேயும் இல்லை, கீழிருந்து மேலேயும் இல்லை, நடு அளவில் தொடங்கி இரண்டு பக்கமும் போகிறோம் என்று. என் கணிப்பில் இந்த முடிவுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை. நாவோனின் வாக்கியம் கேட்க அழகாக இருந்ததால் அதுவே நின்றுவிட்டது.

பெரியது ஏன் முந்துகிறது என்பதற்கு நல்ல உடற்கூற்றுக் காரணம் ஒன்று உண்டு. ஒரு காட்சியைப் பரும்படியான ஒளி-நிழல் திட்டுகளாகவும், அதன் மேல் படிந்த நுணுக்கமான ஓரங்களாகவும் பிரிக்கலாம். பரும்படியான தகவலை ஏந்திச் செல்லும் நரம்புப் பாதை வேகமானது. நுணுக்கத்தை ஏந்திச் செல்வது அதைவிட மெதுவானது. 1990-ல் பேட்காக் குழுவினர் நாவோன் எழுத்துகளிலிருந்து பரும்படித் தகவலை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டு ஓரங்களை வைத்துக் காட்டினார்கள். பெரிய எழுத்தின் வேக அனுகூலம் போய்விட்டது. பெரிய எழுத்து அங்கேயேதான் இருக்கிறது, அதன் வடிவமும் அதேதான். அது ஏறிவந்த வேகமான வண்டி மட்டும் இல்லை.

ஐன்ஸ்டைன்-மன்றோ படத்தைப் பார்த்திருப்பீர்கள். அருகில் பார்த்தால் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், நாலைந்து அடி தள்ளிப் போய்ப் பார்த்தால் மர்லின் மன்றோ. ஓட் ஒலிவா செய்தது. ஐன்ஸ்டைனின் நுணுக்கமான ஓரங்களை எடுத்து மன்றோவின் மங்கலான நிழல்களின் மேல் ஒட்டிய படம் அது. தூரம் போனால் நுணுக்கம் கண்ணுக்கு எட்டாது, மங்கல் மட்டும் மிஞ்சும். இதே உத்தியை வைத்து ஷின்ஸும் ஒலிவாவும் 1994-ல் நேரத்தையும் அளந்தார்கள். இரண்டு காட்சிகளைக் கலந்த படத்தை 30 மில்லிசெகண்ட் காட்டினால் ஆட்கள் பெரும்பாலும் மங்கலான காட்சியைக் கண்டார்கள். 150 மில்லிசெகண்ட் காட்டினால் ஓரங்களால் ஆன காட்சியைக் கண்டார்கள். மேலோட்டம் முதலில், விவரம் பிறகு. நாவோன் சொன்னது போலவே.

ஆனால் அதே இருவர் 1997-ல் தங்கள் முடிவையே கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார்கள். முன்கூட்டியே சில படங்களில் ஓரங்கள் மட்டும்தான் பயன்படும் என்று பழக்கிவிட்டு, பிறகு 30 மில்லிசெகண்ட் காட்டினார்கள். இப்போது ஆட்கள் அந்தக் குறுகிய நேரத்திலேயே ஓரங்களைப் பிடித்தார்கள். ஆக இரண்டு தகவலும் ஆரம்பத்திலேயே கைக்கு எட்டுகின்றன. எதை எடுப்பது என்பதை வேலை தீர்மானிக்கிறது.

வேலை எவ்வளவு தூரம் தீர்மானிக்கும்? 2013-ல் டிரூ, வோ, வுல்ஃப் மூவரும் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சிடி படங்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகியிருந்தார்கள். சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேருக்கு அது தெரியவில்லை. கண் நகர்வைப் பதிவு செய்ததில், தெரியவில்லை என்றவர்களில் பெரும்பாலானோரின் கண்கள் அந்த இடத்தின் மேலேயே போயிருந்தன. பெரியது என்பதற்காக எதுவும் தானாக வந்து கண்ணில் விழாது.

இப்போது மூளைக்குள். விழித்திரையிலிருந்து வரும் தகவல் முதலில் போய்ச் சேரும் பார்வைப் புறணி (பார்வையைக் கவனிக்கும் மூளை மேலடுக்கு) பகுதியில் ஒவ்வொரு நியூரானும் காட்சியின் ஒரு குட்டித் துண்டைத்தான் பார்க்கிறது. அந்தத் துண்டில் இன்ன சாய்வில் ஒரு கோடு இருந்தால் துடிக்கும், இல்லாவிட்டால் பேசாது. ஹியூபலும் வீசலும் 1959 முதல் பூனைகளில் கண்டுபிடித்த விஷயம் இது. 1981-ல் நோபல் பரிசு பெற்றுத் தந்ததும் இந்த வரிசை ஆய்வுகள்தான். அங்கிருந்து அடுத்தடுத்த பகுதிகளுக்குப் போகப் போக நியூரான் பார்க்கும் பரப்பு பெரிதாகிறது, அது தேடும் வடிவமும் சிக்கலாகிறது. முகம், கை என்று முழுப் பொருளுக்குத் துடிக்கும் நியூரான்கள் வெகு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கத்து மடலில் இருக்கின்றன. இந்த வரைபடத்தைப் பார்த்தால் உறுப்புதான் முதல், முழுது கடைசி. இதில் ஐயம் எதுவும் இல்லை.

அப்படியானால் முழு உருவம் எப்படி முதலில் தெரிகிறது? ஹாக்ஸ்டைனும் அஹிஸாரும் 2002-ல் முன்வைத்த விடை எனக்குத் திருப்தியானது. கீழிருந்து மேலே போகும் முதல் அலை மிக வேகமானது. அது போகும்போது நமக்கு எதுவும் தெரிவதில்லை. உச்சியை எட்டிய பிறகுதான் 'பார்த்தேன்' என்ற உணர்வு தொடங்குகிறது. அங்கே இருப்பது முழு உருவம், காட்சியின் சாரம். விவரம் வேண்டுமென்றால் மூளை அங்கிருந்து கீழ்ப்பகுதிகளுக்குத் திரும்ப இறங்குகிறது. கட்டுமானம் கீழிருந்து, அனுபவம் மேலிருந்து. முதல் அலை எவ்வளவு வேகம் என்பதற்கு 1996-ல் சைமன் தோர்ப் குழுவினர் எடுத்த அளவு ஒன்று இருக்கிறது. ஒரு புகைப்படத்தை 20 மில்லிசெகண்ட் காட்டி, அதில் விலங்கு உண்டா என்று கேட்டார்கள். விலங்கு உள்ள படத்துக்கும் இல்லாத படத்துக்கும் மூளை மின்னலைகள் சுமார் 150 மில்லிசெகண்டிலேயே பிரிந்துவிட்டன. என்ன விலங்கு, எத்தனை கால் என்பதெல்லாம் அப்புறம்.

திரும்ப இறங்கும் அந்தப் பயணம் வெறும் ஊகமல்ல. காயெட்டானோ கனீட்சா 1955-ல் வெளியிட்ட முக்கோணம் நினைவிருக்கிறதா? மூன்று கறுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டியது. வெட்டுகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால் நடுவில் ஒரு வெள்ளை முக்கோணம் பளிச்சென்று நிற்கும். அதன் பக்கங்களில் பெரும்பகுதிக்குக் கோடே கிடையாது, தாள்தான். ஆனால் ஓரம் தெரிகிறது. 1984-ல் ஃபான் டெர் ஹெய்ட் குழுவினர் குரங்குகளின் பார்வைப் புறணியில் இரண்டாம் கட்டப் பகுதியில், இந்த மாதிரி இல்லாத கோட்டுக்கும் இருக்கும் கோடு போலவே துடிக்கும் நியூரான்களைக் கண்டார்கள். 2001-ல் லீயும் நுவெனும் நேரத்தை அளந்தார்கள். இரண்டாம் பகுதியில் இல்லாத கோட்டுக்கான துடிப்பு சுமார் 65 மில்லிசெகண்டில் எழுந்தது. அதற்கும் கீழே இருக்கும் முதல் பகுதியில் சுமார் 100 மில்லிசெகண்டில்தான் எழுந்தது. தகவல் கீழிருந்து மேலே மட்டும்தான் போகும் என்றால் முதல் பகுதி அல்லவா முந்த வேண்டும்? மேலே 'இங்கே ஒரு முக்கோணம்' என்று முடிவான பிறகு, கீழே அதன் ஓரத்தை நிரப்பச் சொல்லி ஆணை போயிருக்கிறது என்று வாசிப்பதே பொருத்தம்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் பெரியது-சிறியது கதை. இரண்டாவது அர்த்தம், அதாவது அமைப்பு, அதைவிடச் சுவையானது. வியன்னாவில் கிறிஸ்டியன் ஃபான் ஏரன்ஃபெல்ஸ் 1890-லேயே இதை இசையை வைத்துச் சொன்னார். ஒரு மெட்டை வேறு சுருதிக்கு மாற்றிப் பாடினால் ஒவ்வொரு சுரமும் ஒலிக்கும் உயரம் மாறிவிடும். மெட்டு மட்டும் மாறவே மாறாது. மெட்டு இருப்பது சுரங்களில் அல்ல, சுரங்களுக்கு நடுவே உள்ள உறவில். 1912-க்குப் பிறகு மாக்ஸ் வெர்ட்ஹைமர், கோலர், கோஃப்கா ஆகியோர் இதையே பார்வைக்குக் கொண்டுவந்து கெஸ்டால்ட் (ஜெர்மன் மொழியில் 'உருவம்') உளவியலைக் கட்டினார்கள். அருகருகே இருப்பவை, ஒத்திருப்பவை, சேர்ந்து நகர்பவை எல்லாம் ஒரு கூட்டமாகத் தெரியும் என்ற விதிகள் வெர்ட்ஹைமரின் 1923 கட்டுரையில் வந்தவை. விதிகள் சரி, அவை மூளையில் எப்படி நடக்கின்றன என்று அவர்கள் சொன்ன விளக்கம் தேறவில்லை.

உறவைக் கண் எவ்வளவு நேராகப் பிடிக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். முதல் வரியில் மாறுபட்ட ஒன்றைத் தேடுங்கள், பிறகு இரண்டாம் வரியில்.

)     )     (     )

))     ))     ()     ))

இரண்டாம் வரி என்பது முதல் வரியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் வலப்புறம் ஒரே மாதிரி ')' சேர்த்தது, அவ்வளவே. எல்லாவற்றோடும் ஒன்றுபோலச் சேர்த்ததில் புதிய தகவல் எதுவும் இல்லை. தர்க்கப்படி பார்த்தால் குப்பை கூடியிருக்கிறது, தேடல் கடினமாக வேண்டும். நடப்பது நேர்மாறு, மூடிய '()' துள்ளிக்கொண்டு வருகிறது. ஜேம்ஸ் பொமரான்ட்ஸ் குழுவினர் 1977-ல் செய்த பரிசோதனை இந்த வகைதான். சாய்கோடுகளையும் வைத்துப் பார்த்தார்கள்: தனிச் சாய்கோடுகளில் மாறுபட்டதைக் கண்டுபிடிக்க ஆனதைவிட, எல்லாவற்றோடும் ஒரே செங்கோண மூலையைச் சேர்த்து முக்கோணமாகவும் அம்பாகவும் ஆக்கிய பிறகு ஆன நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. உறுப்புகளை முதலில் தனித்தனியாக அறிந்து அப்புறம் சேர்ப்பதாக இருந்தால் இது நடக்கவே முடியாது. பெரியது சிறியதை முந்தியது என்றும் இதைச் சொல்ல முடியாது. அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மூடிய உருவம், திறந்த உருவம் என்ற வேறுபாடு உறுப்பைவிடச் சீக்கிரம் நமக்குக் கிடைக்கிறது. நாவோன் எழுத்துகளைவிட இந்த அடைப்புக்குறிகள்தாம் கேள்விக்கு நேரான சான்று என்பது என் கட்சி. நாவோன் படத்தில் பெரிய 'ட'வுக்கு 'ப' உறுப்பே அல்ல, வெறும் புள்ளிக்குப் பதிலாக வைத்தது. 'ப'வை எடுத்துவிட்டு நட்சத்திரம் வைத்தாலும் 'ட' அப்படியே இருக்கும். முகத்தில் மூக்கு அப்படி இல்லை.

சொற்களிலும் இது உண்டு. 1969-ல் ரைக்கர் ஒரு சொல்லைக் கண நேரம் காட்டி மறைத்து, அதில் ஓர் இடத்தில் இருந்த எழுத்து இரண்டில் எது என்று கேட்டார். இரண்டில் எதை வைத்தாலும் பொருளுள்ள சொல்தான் வரும், ஊகிக்க வழியில்லை. அப்படியும் சொல்லுக்குள் இருந்த எழுத்தை, தனியாகக் காட்டிய எழுத்தைவிடச் சரியாகச் சொன்னார்கள். முழுதின் துணையால் உறுப்பு தெளிகிறது.

இனி முகம். இந்த விஷயத்தின் உச்சம் அதுதான். பீட்டர் தாம்ஸன் 1980-ல் மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். படத்தை நேராகப் பார்த்தால் அருவருப்பாக, கொடூரமாக இருக்கும். அதையே முழுதாகக் கவிழ்த்துப் பாருங்கள், சிரிக்கும் முகம் போலத்தான் தெரியும். ஏதோ சரியில்லை என்று பட்டாலும் என்னவென்று சட்டெனச் சொல்ல வராது. உறுப்புகள் இரண்டு நிலையிலும் அவையேதான். கவிழ்ந்த முகத்தில் உறவுகளைப் படிக்கும் திறமை நம்மை விட்டுப் போய்விடுகிறது. கண்ணைக் கண்ணாக, வாயை வாயாகத் தனித்தனியே பார்க்கும் நிலைக்கு இறங்குகிறோம். கவிழ்த்தால் மற்றப் பொருள்களைவிட முகங்களை அடையாளம் காண்பதே மிகவும் மோசமாகிறது என்று ராபர்ட் யின் 1969-லேயே காட்டியிருந்தார்.

1987-ல் யங், ஹெலவெல், ஹே மூவரும் செய்தது இன்னும் கூர்மையானது. ஒருவரின் நெற்றி-கண் பகுதியையும் இன்னொருவரின் மூக்கு-வாய்ப் பகுதியையும் ஒட்டினார்கள். மேல்பாதி யார் என்று கேட்டால் ஆட்கள் திணறினார்கள், காரணம் கண்முன் நிற்பது புதிதாக ஒரு மூன்றாவது ஆள். கீழ்ப்பாதியைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். உடனே மேல்பாதி யாரென்று தெரிந்தது. முழுதையும் கவிழ்த்தாலும் எளிதானது. கீழ்ப்பாதியைப் பார்க்காதே என்று சொல்லியும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உறுப்பை மட்டும் பார்ப்பது என்பது இங்கே நம் கையில் இல்லாத காரியம்.

இந்தச் சேர்க்கும் வேலை மட்டும் கெட்டுப்போனால் என்ன ஆகும்? ஹெச்.ஜே.ஏ. என்ற முதலெழுத்துகளால் ஆய்வுக் கட்டுரைகளில் அறியப்படும் ஒருவர் இருந்தார். பக்கவாதத்தில் மூளையின் இரண்டு பக்கமும் பின்பகுதியில் சேதம். ரிடொக்கும் ஹம்ஃப்ரீஸும் 1987-ல் அவரைப் பற்றி விரிவாக எழுதினார்கள். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் படத்தைக் கோடு கோடாகப் பார்த்து நன்றாக நகல் வரைந்தார். ஆனால் எதையும் அடையாளம் காண அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. காரட்டின் படத்தைக் காட்டினால், அடிநுனி கெட்டியாக இருக்கிறது, மற்றவை இறகு மாதிரி இருக்கின்றன, ஒரு வகைத் தூரிகையாக இருந்தால் ஒழிய ஒன்றும் பொருந்தவில்லை என்கிறார். உறுப்புகள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து காரட் வரவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், உள்விவரம் எதுவும் இல்லாத கறுப்பு நிழலுருவங்களை, கோட்டுப் படங்களைவிட அவர் நன்றாக அடையாளம் கண்டார். நமக்கு விவரம் கூடினால் உதவி. அவருக்கு ஒவ்வொரு விவரமும் சேர்க்க வேண்டிய இன்னொரு துண்டு, இன்னொரு தொந்தரவு.

வலது மூளை, இடது மூளைப் பேச்சுக்கு வருவோம். அதற்கு ஒரு நிஜமான வேர் இருக்கிறது. 1986-ல் டெலிஸ், ராபர்ட்ஸன், எஃப்ரன் மூவரும் சிறிய இஸட் எழுத்துகளால் ஆன பெரிய எம் எழுத்தை, மூளையில் ஒரு பக்கம் மட்டும் சேதமானவர்களிடம் காட்டி, நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வலப்பக்கம் சேதமானவர்கள் இஸட்களைத் தாளில் சிதற விட்டார்கள், எம் காணோம். இடப்பக்கம் சேதமானவர்கள் எம்மை வரைந்தார்கள், இஸட் காணோம். பார்த்தவுடன் மனதில் தைக்கும் படங்கள். 1996-ல் ஃபிங்க் குழுவினர் ஆரோக்கியமானவர்களின் மூளையைப் படம்பிடித்தபோதும், முழுதைக் கவனித்தால் வலது பின்பகுதியும் சிறியதைக் கவனித்தால் இடது பின்பகுதியும் கூடுதலாக இயங்குவது தெரிந்தது.

ஆனால் 'கூடுதலாக' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சேதமில்லாத மூளையில் இரண்டு பாதியும் இரண்டு வேலையையும் செய்கின்றன, வித்தியாசம் மில்லிசெகண்டுகளில். அதை வைத்து ஒருவர் படைப்பாளியா கணக்காளரா என்று சொல்வது ஜோசியம். 'முதலில் மரம் தெரிந்தால் இந்தக் குணம், முகம் தெரிந்தால் அந்தக் குணம்' என்று வரும் படங்களை ரசித்துவிட்டுப் போகலாம். படத்தின் அளவும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் தூரமும், சற்றுமுன் என்ன பார்த்தீர்கள் என்பதும் விடையை மாற்றிவிடும் என்று மேலேயே பார்த்தோம்.

ஆட்களுக்கிடையே உண்மையான வேறுபாடு இல்லாமல் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ஒரு படத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன வடிவத்தைத் தேடுவதில் கெட்டிக்காரர்கள் என்று ஷாவும் யூட்டா ஃப்ரித்தும் 1983-ல் காட்டினார்கள். அதிலிருந்து, முழுதைக் கோக்கும் திறன் குறைவு என்ற கருத்து வளர்ந்தது. பின்னாளில் ஃப்ரித்தே அதைக் குறைபாடு என்று சொல்லாமல் விவரத்தை நோக்கிய ஒரு பாணி என்று மாற்றிக்கொண்டார். 2015-ல் வான் டெர் ஹாலன் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது இன்னும் மிதமான சித்திரமே வந்தது: விவரத்தைப் பார்ப்பதில் பொதுவான மேம்பாடு இல்லை, முழுதைப் பார்க்க, குறிப்பாக விவரம் குறுக்கே நிற்கும்போது, கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது.

வட நமீபியாவின் ஹிம்பா மக்கள் இன்னொரு சேதி சொல்கிறார்கள். சதுரங்களால் ஆன முக்கோணம் போன்ற படங்களில் எது எதைப் போல இருக்கிறது என்று டேவிடாஃப், ஃபாண்டனோ, ஃபாகோ 2008-ல் கேட்டபோது, ஹிம்பாக்கள் மேற்கத்தியர்களைவிட வெகு அதிகமாகச் சிறிய உறுப்பை வைத்துப் பொருத்தினார்கள். நகரத்துக்குப் போய்வந்த ஹிம்பாக்களிடம் அந்தச் சாய்வு குறைந்திருந்தது என்று 2012-ல் கப்பாரோஸ் குழுவினர் கண்டார்கள். அவசரப்பட்டு 'அவர்களுக்கு முழுது தெரியாது' என்று முடிவுகட்ட வேண்டாம். எந்த மட்டத்தைப் பார் என்று வெளிப்படையாகச் சொன்னால் அவர்கள் இரண்டையும் மிக நன்றாகவே செய்தார்கள். விருப்பம் வேறு, திறன் வேறு. நாவோன் எழுத்தை வைத்து ஒரு மொத்த சமூகத்தையோ தனி மனிதரையோ எடைபோடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். பபூன் குரங்குகளிடமும் ஃபாகோவும் டெருவெலும் 1997-ல் இந்த வகைப் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். அதே திரை, அதே படம், மனிதர்களுக்குப் பெரியது முந்தியது, பபூன்களுக்குச் சிறியது முந்தியது.

ஓரக்கண் பார்வை தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல்லில் கண்ணை நிறுத்தி, அசைக்காமல், மூன்று வரி கீழே இருக்கும் ஒரு சொல்லின் நடு எழுத்தைச் சொல்லப் பாருங்கள். அங்கே எழுத்துகள் இருப்பது தெரியும், எது என்பது தெரியாது. தனி எழுத்தாக இருந்தால் அதே இடத்தில் தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்து எழுத்துகள் நெருக்கிக் குழப்பிவிடுகின்றன. பார்க்கும் புள்ளியிலிருந்து எழுத்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதில் ஏறக்குறைய பாதி தூரத்துக்குள் அண்டை எழுத்து இருந்தால் இந்த நெருக்கடி என்று பௌமா 1970-ல் கணக்குச் சொன்னார். உறுப்புகள் தனித்தனியாகத் தொலைந்து, கூட்டத்தின் சராசரி மட்டும் கிடைக்கிறது. பல அளவு வட்டங்களைக் கண நேரம் காட்டினால், குறிப்பிட்ட ஒரு வட்டம் அதில் இருந்ததா என்று சொல்லத் தெரியாதவர்கள் வட்டங்களின் சராசரி அளவைத் துல்லியமாகச் சொல்கிறார்கள் என்று டான் ஆரியலி 2001-ல் காட்டியதும் இதோடு சேரும். உறுப்பை அறியாமலே முழுதை அறிய முடிகிறது.

கடைசியாக, இயந்திரப் பார்வை. படங்களை இனம்காண லட்சக்கணக்கான புகைப்படங்களில் பழக்கிய கணினி நரம்பு வலைப்பின்னல்கள், மனிதர் போலவே உருவத்தை வைத்துத்தான் சொல்கின்றன என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். 2019-ல் ராபர்ட் கைர்ஹோஸ் குழுவினர் ஒரு பூனையின் உருவத்துக்கு யானைத் தோலின் சுருக்கங்களைப் போர்த்திக் காட்டினார்கள். மனிதர்கள் தயங்காமல் பூனை என்றார்கள். வலைப்பின்னல்கள் யானை என்றன. சிறு சிறு திட்டுகளில் கிடைக்கும் இழையமைப்பை வைத்தே அவை அத்தனை நாளும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தன. முழு உருவம் அவற்றுக்குத் தேவைப்படவே இல்லை. பிறகு அதே குழுவினர், ஒவ்வொரு படத்தின் இழையமைப்பையும் கலைத்து ஓவியங்களின் தூரிகைப் பாணியைப் பூசி, அந்தப் படங்களில் வலைப்பின்னலைப் பழக்கினார்கள். தோலை நம்பிப் பயனில்லை என்றானதும் அது உருவத்தின் பக்கம் சாய்ந்தது. கூடவே, யாரும் பழக்காத புள்ளி இரைச்சல், ஒளி-நிழல் வேறுபாடு குறைவது போன்ற பல சிதைவுகளையும் முன்பைவிட நன்றாகத் தாங்கியது.